பழைய வண்டிக்குப் புது வர்ணம்

"யானையைக் கட்டித் தீனி போடுவது போல" என்று நம் நாட்டில் ஒரு பேச்சு உண்டு. யானை கட்டி வாழ்ந்த குடும்பம் எதுவும் நமது தெருவில் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் ஓடாத மோட்டார் வண்டி ஒன்றை நான்கு வருஷ காலம் கொட்டகையில் கட்டிப் போட்டிருந்த குடும்பம் ஒன்று உண்டு. அது நம்முடைய குடும்பந்தான். யானையாவது காதை ஆட்டும். தும்பிக்கையைத் தூக்கி ஆசீர்வாதம் செய்யும். நமது வண்டியோ நான்கு சக்கரங்களிலும் காற்று இறங்கிப் போய், தெருப் பூனைகளுக்குப் பிரசவ விடுதியாக விளங்கி வந்தது.

அது 1984-ஆம் வருஷத்து அம்பாஸிடர். நமது தகப்பனார் அதை ஒரு டாக்டரிடமிருந்து 1991-ல் வாங்கினார். தகப்பனார் ஈய எழுத்துக் கோத்து அச்சடிக்கும் சிறிய அச்சுக்கூடம் ஒன்றை நடத்தி வந்தவர். கலியாணப் பத்திரிகையும் கணக்குப் புத்தகமும் அச்சடித்துச் சம்பாதித்த பணத்தில் வாங்கிய வண்டியாதலால், அதன்மீது அவருக்கு இருந்த பற்று கொஞ்சநஞ்சமல்ல. 2020-ல் அவர் காலமான பிறகு அதை எடுத்து ஓட்ட யாருக்கும் மனம் வரவில்லை. விற்கவும் மனம் வரவில்லை. இவ்விரண்டுக்கும் நடுவே துருவுக்கு மட்டும் நல்ல மனம் வந்து விட்டது.

சென்ற 2024-ஆம் வருஷம் சித்திரையில் காயலான் கடைக்காரர் ஒருவர் வந்து, வண்டியை இரண்டு முறை சுற்றிப் பார்த்து, முப்பதாயிரம் ரூபாய்க்குக் கேட்டார். இரும்பு எடைக்குத்தான் அந்த விலை. "யோசித்துச் சொல்கிறோம்" என்று அனுப்பி வைத்தோம். அன்றிரவு பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் உறைத்தது. சொந்த உபயோகத்துக்கான மோட்டார் வண்டிக்கு முதற் பதிவு 15 வருஷம் செல்லும். அதன் பிறகு வண்டி ஓடத் தகுந்த நிலையில் இருக்கிறதென்று காட்டி, ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். நமது வண்டியின் கெடு அந்த வருஷம் நவம்பர் மாதத்தோடு முடிகிறது! அதற்குள் வண்டி தன் காலில் நின்று பரீட்சைக்குப் போக வேண்டும். இல்லையேல் காயலான் கடைக்காரரின் விலையே அதற்குச் சரியான விலையாகி விடும்.

பட்டறையில் விசாரித்தோம். அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டு ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்து விட்டுத் திரும்பினோம். கோடை விடுமுறை ஆரம்பிக்க ஒரு வாரம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் இருபது வருஷமாகக் கணக்குச் சொல்லிக் கொடுப்பவர்களுக்குக் கையால் ஒரு வேலையும் தெரியாது என்ற அபிப்பிராயம் நமது வீட்டில் வெகு நாளாக நிலவி வருகிறது. அதைப் பொய்யாக்குவதற்கு இதைவிடத் தகுந்த சந்தர்ப்பம் கிடைக்காது என்று துணிந்தோம். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் நமது புதல்வன் உதவியாளனாக நியமிக்கப்பட்டான். சம்பளம், தினம் ஒரு ஐஸ்கிரீம்.

வண்டியின் பூர்வோத்தரம்

வேலையில் இறங்குவதற்கு முன், எதில் இறங்குகிறோம் என்று தெரிந்து கொள்வது நல்லது. அம்பாஸிடரைத் தயாரித்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி 1942-ல் பிர்லா குடும்பத்தாரால் ஸ்தாபிக்கப்பட்டது. கல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில் அதன் தொழிற்சாலை அமைந்தது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை வண்டியின் அமைப்பைக் கொண்டு, 1958 முதல் அம்பாஸிடர் என்ற பெயரில் அங்கே தயாரித்தார்கள். பிறந்த நாட்டில் அந்த மோரிஸ் வண்டியின் உற்பத்தி 1959-லேயே நின்று விட்டது. இங்கேயோ 2014-ஆம் வருஷம் மே மாதம் வரையில் அது நடந்தது. தாய் வீட்டில் மறந்து போன பெண், புகுந்த வீட்டில் ஐம்பது வருஷத்துக்கு மேல் குடும்பம் நடத்திப் பேரெடுத்த கதைதான்! மந்திரிகள் ஏறினார்கள், கலெக்டர்கள் ஏறினார்கள், கலியாண மாப்பிள்ளைகள் ஏறினார்கள், கல்கத்தாவில் மஞ்சள் வர்ணம் பூசிக் கொண்டு டாக்ஸியாகவும் ஓடிற்று.

இந்த வண்டியில் வீட்டு வேலைக்காரனுக்கு அனுகூலமான அம்சங்கள் இரண்டு உண்டு. இஞ்சின் மூடியைத் தூக்கினால் கை நுழைய இடம் இருக்கிறது. எந்தப் பாகம் எங்கே இருக்கிறதென்று கண்ணுக்குத் தெரிகிறது. மேலும், உதிரிப் பாகங்கள் இன்னும் அகப்படுகின்றன. சென்னைப் புதுப்பேட்டையில் ஒரு நாள் அலைந்ததில் கதவு ரப்பர் முதல் பிரேக் ரப்பர் வரையில் நமக்கு வேண்டிய அனைத்தும் கிடைத்தன.

பிரதிகூலமான அம்சம் ஒன்று உண்டு. லாரிக்கு இருப்பது போல இதற்குத் தனியாக அடிச்சட்டம் கிடையாது. தரைத் தகடும், கதவுகளின் கீழே இரு பக்கமும் ஓடும் பெட்டி போன்ற ஓரத் தகடும், கூரையும் ஒன்றாகச் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகின்றன. ஆகவே தகட்டில் துரு ஏறுவது அழகைப் பற்றிய விஷயம் மட்டுமல்ல. இதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக் கொள்ள வேண்டும். நாம் மறந்ததனால் வந்த வினையைப் பின்னால் சொல்கிறோம்.

இஞ்சின் பேசிற்று

முதல் வேலை, பாதுகாப்பு. பாட்டரியில் வண்டியின் உடம்போடு இணைந்திருக்கும் கம்பியை முதலில் கழற்றினோம். சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தோம். ஜாக்கியால் தூக்கிய வண்டியின் கீழே, ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் தலையை விடக்கூடாது. ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட வண்டி அது. இரும்புத் தாங்கிகளை நான்கு இடத்தில் நிறுத்தி, வண்டியை அசைத்துப் பார்த்துத் திடம் செய்து கொண்ட பிறகே கீழே புகுந்தோம்.

நான்கு வருஷம் தேங்கிய பெட்ரோல், பெட்ரோல் அல்ல. வார்னிஷ் வாசனை அடிக்கும் ஒரு பிசின். அதை வடித்து, டாங்கியைக் கழுவி, கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்தோம். ஸ்பார்க் பிளக்குகள் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு ஸிலிண்டரிலும் ஒரு கரண்டி எண்ணெய் விட்டு, ஓர் இரவு ஊறவிட்டு, மறு நாள் கையாலேயே இஞ்சினைச் சுழற்றிப் பார்த்தோம். சுற்றிற்று! உறைந்து போன இஞ்சினை அவசரப்பட்டு மோட்டாரால் சுழற்றினால் உள்ளே கீறல் விழும். பிறகு பழைய எண்ணெயை மாற்றினோம். 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் நான்கு ஸிலிண்டரும் உள்ள இந்த இஞ்சினில் நெருப்புப் பொறி விழும் வரிசை 1, 3, 4, 2. பிளக்கின் இடைவெளி 25, டிஸ்டிரிபியூட்டர் பாயிண்டின் இடைவெளி 15. இரண்டும் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில். தகட்டு அளவுகோலை நுழைத்து இந்த எண்களைச் சரி செய்யும்போது, நாம் பள்ளிக்கூடத்தில் கற்பிக்கும் தசமக் கணக்கு உலகத்தில் உண்மையாகவே எதற்கோ பயன்படுகிறது என்பதைப் புதல்வன் முதன் முதலாக ஒப்புக் கொண்டான்.

மூன்றாம் நாள் மாலை இஞ்சின் இருமிற்று, தும்மிற்று, கொட்டகை நிறையப் புகையைக் கக்கிற்று, பிறகு பேசிற்று. சமையலறையிலிருந்து நமது தாயார் வெளியே வந்து, வாசற்படியில் நின்று கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் விட்டார்.

பிரேக் விஷயத்தில் நாம் வீரம் பேசவில்லை. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் கலந்திருக்கலாமாதலால், அந்தத் தூசியை ஊதாமல் ஈரத் துணியால் துடைத்தெடுத்தோம். ரப்பர் வளையங்களையும் பிரேக் எண்ணெயையும் நாமே மாற்றினோம். ஆனால் அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் வந்து ஒவ்வொரு சக்கரமாகச் சோதித்துத் தலையசைத்த பிறகுதான் வண்டியை வாசலுக்குக் கொண்டு வந்தோம். வர்ணம் கோணினால் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். பிரேக் கோணினால் அழுவார்கள்.

துணி சொன்ன இரகசியம்

அடுத்தது உடம்பு. இரும்பும், காற்றிலுள்ள பிராணவாயுவும், ஈரமும் சேர்ந்தால் துரு. உப்பு சேர்ந்தால் அதன் வேகம் அதிகம். கடற்காற்று வீசும் நமது ஊரில் உப்புக்குப் பஞ்சமில்லை. துருவானது இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக் கொள்வதால்தான் வர்ணத்துக்கு அடியில் கொப்புளம் எழுகிறது. வெளியில் மிளகளவு கொப்புளம் தெரிந்தால் உள்ளே ரூபாயளவு சேதம் இருக்கும் என்று வைத்துக் கொள்ளலாம். கதவின் அடிவிளிம்பு, டிக்கியின் தரை, சக்கர வளைவு, கண்ணாடி ரப்பரின் ஓரம், கதவுகளுக்குக் கீழேயுள்ள ஓரப்பெட்டி ஆகியவை தண்ணீர் தங்குமிடங்கள். கதவின் அடியில் தண்ணீர் வடிவதற்கென்றே சிறு துவாரங்கள் உண்டு. அவற்றில் மண் அடைத்துக் கொண்டால் கதவு, தண்ணீர்த் தொட்டியாகி விடும். ஒரு குச்சியால் அவற்றைக் குத்தி விடுவது காசில்லாத வைத்தியம்.

பழைய வண்டியை வாங்குவோருக்கும் பயன்படக் கூடிய பரீட்சை ஒன்றைச் சொல்கிறோம். ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, தகட்டின்மேல் மெதுவாக ஓட்டிக் கொண்டு போக வேண்டும். இரும்பு இருக்கும் இடத்தில் அது பிடிக்கும். பட்டி பூசி மேலே வர்ணம் அடித்த இடத்தில் வழுக்கி விழும்.

வர்ணத்திலும் ஜாதி பார்க்க வேண்டியிருக்கிறது. வீட்டில் அடிக்கக் கூடியவை இரண்டு: ஒன்று, தின்னரில் கரைந்து சீக்கிரம் உலரும் நைட்ரோ ஸெல்லுலோஸ் வர்ணம், மற்றொன்று, மெதுவாக உலரும் எனாமல். 1920-களில் அமெரிக்காவில் இந்த நைட்ரோ ஸெல்லுலோஸ் வர்ணம் வருவதற்கு முன், மோட்டார் வண்டிக்கு வார்னிஷ் பூசி உலர வைக்க வாரக் கணக்கில் ஆகுமாம். இப்போதைய பட்டறைகளில் இரண்டு திரவங்களைக் கலந்து அடிக்கும் வர்ணம் பளபளப்பில் இரண்டையும் மிஞ்சுகிறது. ஆனால் அதிலுள்ள ஐஸோஸயனேட் என்னும் வஸ்து நுரையீரலைக் கெடுக்க வல்லது. வெளிக்காற்றைக் குழாயில் கொண்டு வரும் முகமூடியும் தனி அறையும் இல்லாதவர்கள் அதைத் தொடவே கூடாது. நாம் தொடவில்லை.

எனாமலின்மேல் நைட்ரோ ஸெல்லுலோஸ் அடித்தால், அதிலுள்ள தின்னர் அடியிலிருக்கும் எனாமலைச் சுருக்கித் தூக்கி விடும். ஆகவே வண்டியில் ஏற்கனவே இருப்பது எது என்று அறிய வேண்டும். தின்னரில் நனைத்த துணியால் ஒரு மூலையைத் தேய்த்தால் நைட்ரோ ஸெல்லுலோஸ் கரைந்து துணியில் ஒட்டும். எனாமல் கரையாமல் சுருங்கும். நாம் வண்டியைச் சுற்றிலும் அங்கங்கே தேய்த்துப் பார்த்தோம். எல்லா இடத்திலும் துணியில் வெள்ளை ஒட்டிற்று. அடியில் டாக்டர் காலத்து இளநீலம் எட்டிப் பார்த்தது. வலது பக்கம் பின்கதவுக்குக் கீழே ஓரப்பெட்டியில் தேய்த்தபோது மட்டும் வர்ணம் பாலாடை போலச் சுருங்கி எழுந்தது.

அந்த இடத்தில் காந்தம் பிடிக்கவில்லை. திருப்புளியால் குத்தினோம். அது பிடி வரையில் உள்ளே போய் விட்டது. காய்ந்த பட்டி பாளம் பாளமாக உதிர்ந்து ஒரு சாண் நீளத்துக்கு ஓட்டை தெரிந்தது. ஓட்டைக்குள்ளே காகிதம்! கையை விட்டு இழுத்தோம். மஞ்சள் பூத்த கற்றை ஒன்று வந்தது. பிரித்துப் பார்த்தால் அது கலியாணப் பத்திரிகையின் பிழை திருத்தும் தாள். ஓரத்தில் நமது தகப்பனாரின் கையெழுத்தில் சிவப்பு மைத் திருத்தம். தாது வருஷம் ஆவணி மாதம் என்று தேதி போட்டிருந்தது. அதாவது 1996.

எந்தப் பட்டறைக்காரரும் செய்த வேலையல்ல அது. தகப்பனாரே தம் கையால் ஓட்டையில் காகிதத்தைத் திணித்து, மேலே பட்டியை அப்பி, கடையில் கதவுக்கென்று விற்கும் வெள்ளை எனாமலைத் தூரிகையால் பூசியிருக்கிறார். ஒரு தப்பெழுத்து அச்சில் போய் விட்டதென்று ஐந்நூறு பத்திரிகைகளைக் கிழித்துப் போட்டு மறுபடி அச்சடித்துக் கொடுத்தவர் அவர். அவரா இப்படிச் செய்தார் என்று நமக்கு விளங்கவில்லை. கொஞ்சம் கோபங்கூட வந்தது.

நாம் செய்த தப்பு

அதற்குள் பள்ளிக்கூடம் திறந்து விட்டது. சனி, ஞாயிறுகளில்தான் வேலை. ஆடி பிறந்து விட்டது. ஓரப்பெட்டியை வெட்டிப் பற்றவைப்பது நம்மால் ஆகாத காரியம். வெல்டிங்காரர் கிடைக்க வேண்டும், பணம் வேண்டும், நாள் வேண்டும். பட்டி டப்பாவோ எதிரிலேயே இருந்தது. சாந்தும் கடினமாக்கியும் நூற்றுக்கு இரண்டு விகிதம் கலந்தால் பத்து நிமிஷத்தில் இறுகி விடும். மேலே வர்ணம் அடித்தால் ஒருவருக்கும் தெரியாது. இன்னும் ஐந்து வருஷம் எப்படியும் தாங்கும் என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக் கொண்டு, கம்பி வலைத் துண்டு ஒன்றை வளைத்து ஓட்டையில் பொருத்திப் பட்டியைக் குழைத்தோம். புதல்வன் பேசாமல் பார்த்துக் கொண்டிருந்தான்.

அந்தச் சமயத்தில் கம்ப்ரஸரை வாடகைக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தவர் அதை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டு வந்து சேர்ந்தார். டிங்கரிங் பட்டறை வைத்திருப்பவர். நம்மிடம் பத்தாம் வகுப்புப் படித்தவர். கணக்கில் தேறாமல் படிப்பை நிறுத்தியவர். தேறாமற் செய்தது நாம்தான். அவர் ஓரப்பெட்டியைப் பார்த்தார். நமது கையிலிருந்த பலகையைப் பார்த்தார்.

"சார், இதிலேயா பட்டி போடப் போறீங்க?" என்று கேட்டார்.

"மேலுக்குத்தான் தம்பி" என்றோம்.

"இந்த வண்டிக்குச் சட்டம் கிடையாது சார். இதுதான் சட்டம். இங்கே இரும்பு இல்லேன்னா, நாலு பேர் பின்னாடி உட்கார்ந்து ஒரு பள்ளத்திலே இறங்கினா, கதவு தானா திறந்துக்கும். அம்மா பின் சீட்டிலேதானே உட்காருவாங்க?"

நாம் பதில் சொல்லவில்லை. அவர் சற்றுத் தயங்கி, சிரித்துக் கொண்டே, "விடை தெரியலேன்னா இடத்தைக் காலியா விடு, அழகா எழுதி மூடாதேன்னு என்னைப் பெஞ்சு மேலே ஏத்தினீங்க, சார்" என்றார்.

குழைத்த பட்டி பலகையிலேயே இறுகிப் போயிற்று. அதைச் சுரண்டி எறிந்தோம்.

மறு வாரம் அவரே வந்தார். பெட்ரோல் டாங்கியைக் கழற்றி அப்புறப்படுத்தச் சொன்னார். இருக்கையையும் கம்பளத்தையும் எடுக்கச் சொன்னார். ஒரு வாளி தண்ணீரும் மணலும் பக்கத்தில் வைக்கச் சொன்னார். துருப் பிடித்த பகுதியை நல்ல இரும்பு பளிச்சென்று தெரியும் வரையில் வெட்டினார். நாம் நினைத்த ஒரு சாணுக்குப் பதிலாக ஒன்றரை முழம் போயிற்று. புதுத் தகட்டை மடக்கிப் பொருத்தி, ஒரே மூச்சாகப் பற்றவைக்காமல், சூட்டில் தகடு நெளியாதபடி இடம் விட்டு இடம் விட்டுப் பற்றவைத்தார். பெட்டியின் உட்புறம் துருத்தடுப்பு மெழுகு தெளித்தார். கூலி வேண்டாமென்றார். "கணக்கு வாத்தியாரிடம் கணக்குத் தப்பக் கூடாது" என்று சொல்லி முழுக் கூலியையும் அவர் சட்டைப் பையில் வைத்தோம்.

ஆடிக் காற்றில் ஓவியம்

மேலே சொல்லப் போவது பொறுமையைப் பற்றிய பாடம். வர்ணம் அடிப்பது வேலையில் பத்தில் ஒரு பங்கு. மற்ற ஒன்பது பங்கும் தேய்ப்பது.

சோப்புத் தண்ணீரால் கழுவி எண்ணெய்ப் பசையை நீக்கினோம். துரு இருந்த இடங்களை 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரியும்படி தேய்த்தோம். பழைய வர்ணங்களில் ஈயம் கலந்திருக்கக் கூடும். ஆகையால் வர்ணத்தைத் தேய்க்கும்போது தண்ணீர் விட்டே தேய்ப்பதும், மூக்குக் கவசம் அணிவதும் அவசியம். தேய்த்த இரும்பை அன்றைக்கே பிரைமர் பூசி மூட வேண்டும். கடற்கரை ஊரில் ஓர் இரவு விட்டால் காலையில் மஞ்சள் படிந்து விடும். நசுங்கிய இடங்களை உட்புறத்திலிருந்து சுத்தியால் தட்டி நிமிர்த்தி, மீதிப் பள்ளத்துக்கு மட்டும் பட்டி. மூன்று மில்லிமீட்டர் கனத்துக்குமேல் பட்டி போனால் நாளடைவில் வெடிக்கும். பட்டி, பள்ளத்தை நிரவுவதற்கே ஏற்பட்டது. ஓட்டையை மறைப்பதற்கு அல்ல. இதை இப்போது நாம் அதிகாரத்தோடு சொல்லலாம்.

பட்டி காய்ந்ததும் 180, பிறகு 320 என்று தாளை மாற்றித் தேய்த்தோம். சிறு பலகையில் தாளைச் சுற்றித் தேய்க்க வேண்டும். வெறும் விரலால் தேய்த்தால் விரல் பதிந்த பள்ளம் நிற்கும். பிரைமர் அடித்த பிறகு, அதன்மேல் கறுப்பு வர்ணத்தைப் பனி படிந்தது போல மெல்லியதாகத் தெளித்து, 400-ஆம் நம்பர் ஈரத் தாளால் தேய்த்தோம். மேடான இடத்தில் கறுப்பு முதலில் மறையும். பள்ளத்தில் தங்கி நிற்கும். கண் ஏமாறும் இடத்தைக் கறுப்பு காட்டிக் கொடுத்து விடும். கடைசியில் 600. இதற்குள் நமது விரல் ரேகைகள் பாதி அழிந்து விட்டன.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். வர்ணம் அடிக்கத் தயாரானபோது நடு ஆடி! கொட்டகையின் திறந்த பக்கத்தைத் தார்ப்பாயால் மறைத்து, மேலும் கீழும் காற்றுப் போக்குக்கு இடம் விட்டு, தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கி, காற்று எழுவதற்கு முன் காலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையே வேலை செய்தோம். தின்னர் ஆவி எளிதில் தீப்பற்றும். சமையலறை அடுப்பு, பூஜை விளக்கு, மின்விசிறி எதுவும் அந்நேரத்தில் பக்கத்தில் இயங்கவில்லை.

வர்ணத் துப்பாக்கியைத் தகட்டிலிருந்து ஆறு அல்லது எட்டு அங்குல தூரத்தில் பிடித்து, கை மட்டும் வட்டமாகச் சுழலாமல் உடம்பே கூட நகரும்படி, ஒரே வேகத்தில் போக வேண்டும். ஒரு வரியின் பாதியை அடுத்த வரி மூட வேண்டும். மெல்லிய பூச்சாகப் பல தடவை அடிப்பதே நலம். ஒரே தடவையில் முடிக்க ஆசைப்பட்டால் வர்ணம் கண்ணீர் போல வழியும். தூரத்தில் பிடித்தால் சாத்துக்குடித் தோல் போலப் புள்ளி விழும். இரண்டும் நமக்கு நேர்ந்தன. ஒரு நாள் தூறல் விழுந்த காலையில் அவசரப்பட்டு அடித்ததில், காற்றிலிருந்த ஈரம் படிந்து டிக்கி மூடி முழுவதும் வெண்மூட்டம் போட்டு விட்டது. தேய்த்து எடுத்து மறுபடி அடித்தோம். புதல்வன் ஒரு தடவை பிரேக் எண்ணெய்ச் சீசாவைப் புது வர்ணத்தின்மேல் சாய்த்து விட்டான். பிரேக் எண்ணெய் வர்ணத்தை அரித்துத் தின்று விடும். துடைக்கக் கூடாது; உடனே தண்ணீரை வாரி ஊற்ற வேண்டும். ஊற்றினோம், இருந்தாலும் உள்ளங்கை அகலத்துக்கு மறுபடியும் வேலை வந்தது.

நிறத்தை வெள்ளையாகவே வைத்துக் கொண்டோம். டாக்டர் காலத்து இளநீலத்துக்கு மாற்ற ஆசைதான். ஆனால் நிறத்தை மாற்றினால் பதிவு அலுவலகத்தில் தெரிவித்துப் புத்தகத்திலும் திருத்திக் கொள்ள வேண்டும். கெடு நெருங்கும் சமயத்தில் அந்த வம்பு வேண்டாமென்று விட்டு விட்டோம். இரண்டு வாரம் உலர விட்டு, 1000, 2000 நம்பர் ஈரத் தாளால் மென்மையாகத் தேய்த்து, பாலிஷ் போட்டுத் துணியால் துடைத்தபோது, கொட்டகையின் ஓலை வரி வரியாக வண்டியின் கூரையில் பிரதிபலித்தது. சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் குறை தெரியாது. கிட்ட வந்து பார்ப்பவர்களிடம் நாம் பேச்சுக் கொடுத்து விடுவது வழக்கம்.

தாயார் சொன்னது

அக்டோபர் மாதம் வண்டி பரீட்சைக்குப் போயிற்று. அதிகாரி சுற்றிப் பார்த்தார், பிரேக்கைச் சோதித்தார், கீழே குனிந்து ஓரப்பெட்டியை விரலால் தட்டினார். டங்கென்று இரும்புச் சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தைப் போல இனிமையான சங்கீதத்தை நாம் சமீபத்தில் கேட்டதில்லை. பதிவு ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது.

அன்று மாலை தாயாரைப் பின் இருக்கையில் உட்கார வைத்து ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தோம். திரும்பி வந்ததும், அதுவரை சொல்லாமல் வைத்திருந்த காகிதக் கற்றையை அவரிடம் காட்டினோம். கண்ணாடியைப் போட்டுக் கொண்டு தேதியைப் பார்த்தார்.

"தாது வருஷம்னா, உன்னைக் காலேஜிலே சேர்த்த வருஷம்" என்றார். "அப்போ ஊரிலே புதுசா ஆப்ஸெட் பிரஸ் வந்துடுத்து. நம்ம கடைக்கு யாரும் வரல்லே. வண்டியை வித்துட்டா உன் சம்பளம் கட்டிடலாம்னு நான்தான் சொன்னேன். ஓட்டையோட வித்தா வாங்கறவனுக்குத் துரோகம், மூடி வித்தா அதைவிடத் துரோகம்னார். சரி, மழைத் தண்ணி உள்ளே போகாம இருக்கட்டும்னு அவரே எதையோ அடைச்சுப் பூசினார். அந்த வருஷம் பூராவும் வண்டியை வெளியிலே எடுக்கவே இல்லையே. சைக்கிள்தான்."

"அப்புறம் சரி செய்யவில்லையா?" என்று கேட்டோம்.

"அப்புறம் பணம் வந்தப்போ மறந்து போச்சோ என்னவோ. உனக்கப்புறம் உன் தங்கை காலேஜ் வந்துதே" என்று சொல்லி விட்டுத் தாயார் விளக்கேற்ற எழுந்து போனார்.

தகப்பனார் பணமில்லாமல் மூடினார். மூடியதைப் பிறர் தலையில் கட்டவில்லை. நாம் பணமிருந்தும் சோம்பலினால் மூடப் பார்த்தோம். மேலே தாயாரை உட்கார வைக்கவும் இருந்தோம். அவர்மேல் வந்த கோபத்தை அன்றிரவு வேறு முகவரிக்கு மாற்ற வேண்டியிருந்தது.

வீட்டிலேயே வண்டியைச் செப்பனிட விரும்பும் அன்பர்களுக்கு முடிவாக ஒரு வார்த்தை. கழுவுவது, தேய்ப்பது, பிளக் மாற்றுவது, எண்ணெய் மாற்றுவது, வர்ணம் அடிப்பது இவையெல்லாம் பொறுமையுள்ள யாராலும் முடியும். வடித்த பழைய எண்ணெயைச் சாக்கடையில் கொட்டாமல் டப்பாவில் பிடித்து, பழைய எண்ணெய் வாங்குவோரிடம் கொடுத்து விடுங்கள். பிரேக்கையும், ஸ்டீயரிங்கையும், பற்றவைக்கும் வேலையையும் தெரிந்தவர் கையில் ஒப்படையுங்கள். செலவு குறையுமா என்று கேட்டால் கூலி குறையும். தாள், தின்னர், ஐஸ்கிரீம் ஆகியவற்றின் செலவு ஏறும். நாள் நிறையப் பிடிக்கும். ஆனால் வண்டியின் ஒவ்வோர் அங்குலமும் தெரிந்து போகும்.

கற்றையை மறுபடி ஓரப்பெட்டியில் வைப்பதற்கு இனி இடமில்லை. அங்கே இரும்பு இருக்கிறது. வண்டியின் முன்பெட்டியில் பதிவுப் புத்தகத்தோடு சேர்த்து வைத்திருக்கிறோம்.